என் வயிற்றுக் கல்லும் சகலை அருளப்பனும்

1

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, பல வருஷமாகத் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு தபசு காலத்திலும் இந்தத் தடவை எழுதிவிடுவது என்று பேனாவை எடுப்பேன். பிறகு மூடி வைத்துவிடுவேன். இரண்டு தடைகள் இருந்தன. எழுதினால் எங்கள் ஊர் அந்தோணியாருக்கு மதிப்புக் குறைவு வந்துவிடுமோ என்ற பயம் ஒன்று. எழுதினால் என் சகலை அருளப்பனைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத வேண்டி வருமே என்ற கஷ்டம் இன்னொன்று. முதல் தடையைப் பங்குச் சாமியாரிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டேன். இரண்டாவது தீரவில்லை. தீராமலே எழுதுகிறேன்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆவூர்ப் பங்கைச் சேர்ந்த ஒரு சின்ன ஊர் என் ஊர். புதுக்கோட்டை சமஸ்தானம் முடிந்து இந்தியாவோடு சேர்ந்த நாற்பத்தெட்டில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். மலேயாவில் பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. மண்வெட்டி, பால்வாளி, பித்தளை ஆணி எல்லாம் என் பொறுப்பு. பிறகு மனைவி மரியபுஷ்பமும் கைப்பிள்ளையைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருந்த மகள் ரோசலினும் வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து இங்கேதான்.

காலையில் எழுந்ததும் கண்ணாடிக் குழலையும் ஊசியையும் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைப்பது என் வேலை. பக்கத்து அடுப்பில் மரியபுஷ்பம் காப்பி வைப்பாள். அவளுக்குச் சீனி போட்டு, எனக்குப் போடாமல். ஜெபம் சொல்லி முடித்துத் தொடையில் ஊசியைக் குத்திக்கொள்வேன். இன்று குழல் கொதித்துக்கொண்டிருக்கும்போது மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. என்ன விசேஷம் என்று கேட்டேன். "இன்னிக்குத்தான் ஒங்க வயித்த அறுத்த நாளு. மறந்து போச்சா?" என்றாள். அதனால்தான் இன்று மூடி வைக்காமல் எழுதுகிறேன்.

2

வலி எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உபயோகப்படலாம்.

நெஞ்செலும்பு முடிகிற இடத்தில் ஆரம்பிக்கும். அங்கிருந்து துளைத்துக்கொண்டு முதுகுக்குப் போய் நிற்கும். மல்லாந்து படுக்க முடியாது. மண்டி போட்டு, வயிற்றைக் கைகளால் கட்டிக்கொண்டு, நெற்றி தரையில் படும்படி குனிந்தால் கொஞ்சம் மட்டுப்படும். கொழுப்புள்ளது எதைச் சாப்பிட்டாலும் வரும். வந்தால் இரண்டு மூன்று நாள் இருக்கும். அப்புறம் ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஒன்றுமே இருக்காது. ஒழிந்தது என்று நம்பி இலையில் ஒரு துண்டு கறி வாங்கினால் மறுபடியும் வந்து நிற்கும். கடைசியில் கஞ்சியும் சுட்ட அப்பளமுமே என் சாப்பாடு ஆயிற்று. சட்டை தோளில் தொங்கியது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் முதலில் கேட்டது, "ஒரு நாளைக்கு எவ்வளவு போடுவே?" என்பதுதான். நான் கள்ளைத் தொட்டதே இல்லை என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சொல்லி, சிரித்துக்கொண்டே வெள்ளை மருந்து ஊற்றிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பு நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பரவிவிட்டது. கோயிலுக்குப் போகிற மனுஷன், ரகசியமாகக் குடிக்கிறான் என்று பேசினார்கள்.

உண்மையில் குடித்தவர்கள் நன்றாக இருந்தார்கள். சம்பள நாளில் தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். அந்தக் காலம் ஊரடங்கு, முள்கம்பி வேலி, சோதனை என்று இருந்த காலம். அதையெல்லாம் அவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பன்றிக்கறியை வறுத்துத் தின்றுவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை விட்டார்கள். ஆண்டவரே, குடித்தவனுக்குத் தூக்கம், குடிக்காதவனுக்கு வலி என்று இதை எப்படிப் பங்கு வைத்தீர் என்று ஜெபமாலையின் நடுவில் கேட்டிருக்கிறேன். எனக்குப் பொறாமை அப்போதுதான் வந்தது. சொத்து சுகத்தின் மேல் இல்லை. மற்றவர்கள் சாப்பிட்டு ஏப்பம் விடுகிற சத்தத்தின் மேல்.

3

தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்து, டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் அரிசிக்கும் மொச்சைக்கும் இடைப்பட்ட அளவில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கல். அது இருக்கிற உறுப்புக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். கூட வந்திருந்த ரோசலினுக்கு இங்கிலீஷ் பெயர்தான் தெரிந்தது. அங்கே இருந்த யாழ்ப்பாணத்து நர்சம்மா 'சதையி' என்றார். பின்னால் திருச்சியில் ஒரு டாக்டர் 'கணையம்' என்றார். வீட்டில் நாங்கள் 'அந்தக் கல்லு' என்றே சொன்னோம்.

ரோசலின் அப்போது கான்வென்டில் மேல் வகுப்பில் இருந்தாள். டாக்டர் சொல்லச் சொல்ல எனக்குச் சொன்னாள்.

"முருங்கைக்காய நீட்டுவாக்குல கீறுற மாதிரி கீறி, கல்லையெல்லாம் எடுத்துட்டு, கொடலக் கொண்டாந்து அது மேல வச்சுத் தைப்பாங்களாம்ப்பா."

"பொழச்சுக்குவேனாமா?"

அவள் டாக்டரிடம் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் பேசினார்.

"சில பேரு மேசையிலயே போயிருறாங்களாம். சில பேருக்கு வலி போயிருதாம், சில பேருக்குப் போறதில்லையாம். செய்யலேன்னா இப்படியேதான் இருக்குமாம், ஒடம்பு எளச்சுக்கிட்டே போகுமாம்."

பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். பெற்ற அப்பனிடம் ஒரு பிள்ளை இப்படிப் பூசி மெழுகாமல் சொல்லலாமா என்று எனக்கு வருத்தம். வீட்டுக்கு வரும்வரை அவளிடம் பேசவில்லை. இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை, மனசு இப்படித்தான் ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

மரியபுஷ்பம் கேட்டதும் அழவில்லை. கத்தி வேண்டவே வேண்டாம், ஊருக்குப் போய் அந்தோணியாருக்கு அசனம் கொடுப்போம் என்றாள். அசனம் என்பது வேண்டுதல் சாப்பாடு. கோயில் வாசலில் ஆடு அடித்து, சோறு ஆக்கி, ஊர்க்காரர் வழிப்போக்கர் என்று பார்க்காமல் வந்தவர்களுக்கெல்லாம் போடுவது. காரியம் கைகூடியபின் கொடுப்பதுதான் முறை. ஆனால் அவசரக்காரர்கள் முன்னாலேயே கொடுத்துவிடுவதும் எங்கள் ஊரில் உண்டு. அதற்கு அந்தோணியாரைக் கட்டிப்போடுவது என்று பெயர். கொடுத்ததை வாங்கிக்கொண்டவர் செய்யாமல் இருக்க முடியாது என்று ஒரு தைரியம்.

டாக்டரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். லீவு வாங்கினேன். திரும்பி வருவதற்கு அனுமதிச் சீட்டு வாங்க மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினேன். எதற்காக ஊருக்குப் போகிறாய் என்று மலாய்க்காரக் கிளார்க்கு கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் 'மக்கான் ஆங்கின்' என்றேன். ஊர் சுற்றிவரப் போகிறேன் என்பதற்கு அவர்கள் சொல்வது. சொல்லுக்குச் சொல் பார்த்தால், காற்றைச் சாப்பிடுவது. அன்றைக்கு என் வயிறு ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

4

அருளப்பன் என் மனைவியின் அக்காள் புருஷர். மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகு செய்பவர். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற வேலை. ஆனாலும் வாய் ஓயாது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மதுவிலக்குக் காலத்திலும் சாயங்காலம் பனங்காட்டுப் பக்கம் போய் வருவார். எங்கே போனீர்கள் என்று கேட்டால் காத்து வாங்க என்பார்.

திருச்சி ஜங்ஷனுக்கே வந்துவிட்டார். கூலியாளை விலக்கிவிட்டு என் டிரங்குப் பெட்டியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை விறுவிறுவென்று நடந்தார். பத்து வயது இளையவனான நான் பின்னால் கைத்தடியோடு போனேன். மரியபுஷ்பம், "அத்தான் அப்படியே இருக்காங்க பாருங்க" என்றாள். பார்த்தேன்.

அவர் வீட்டில்தான் தங்கினோம். அவர் சாப்பிடுவதைப் பார்ப்பது எனக்கு ஒரு தண்டனை. சோற்றில் குழி பறித்துக் குழம்பை வாங்கி, கொழுப்புத் துண்டைப் பிசைந்து உருட்டி விழுங்குவார். எலும்பைத் தட்டில் தட்டி மஜ்ஜையை உறிஞ்சுவார். நான் பக்கத்தில் கஞ்சியை ஊதிக் குடித்துக்கொண்டிருப்பேன். சாப்பாட்டோடு சந்தைக் கதை வேறு. தரகர் ஏமாந்த காளை, தரகரை ஏமாற்றிய காளை. ரோசலின் விழுந்து விழுந்து சிரிப்பாள். "பெரியப்பா, அந்தச் செவலக் காளை கதைய இன்னொரு தடவ சொல்லுங்க" என்று அவரிடம் போய் உட்காருவாள். எங்கள் வீட்டில் அவள் தமிழ் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. அவரிடம் மட்டும் ஊற்றாகப் பொங்கியது. என்னிடம் ஒரு கதையை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கப்பலில் ஏறியது முதல் எனக்கு வலி வரவில்லை. ஊருக்கு வந்தும் வரவில்லை. அந்தோணியார் இப்போதே வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று மரியபுஷ்பம் சொன்னாள். நானும் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அசனம் என்று வைத்தோம். ஆடு பிடித்தது, விறகு, பாத்திரம், ஆள் எல்லாமே அருளப்பன் பொறுப்பு.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. சாமியார் அண்டாவை மந்திரித்தபின் முதல் இலை நேர்ந்துகொண்டவருக்குத்தான். அவர் ஊர் பார்க்க அந்த இலையை மிச்சமில்லாமல் சாப்பிட்டு எழுந்த பிறகே பந்தி உட்காரும். எனக்கு அது தெரியாமல் இல்லை. குணமாகிவிட்டது என்றுதானே கொடுக்கிறோம், சாப்பிடாமல் எழுந்தால் அவரை நம்பவில்லை என்றல்லவா ஆகும் என்று துணிந்து உட்கார்ந்தேன். அருளப்பனே பரிமாறினார். கரண்டியால் துழாவி, நல்ல கொழுப்பாக இரண்டு துண்டு எடுத்து என் இலையில் வைத்தார்.

"நல்லாச் சாப்புடு சகல. கூச்சப்படாத. அந்தோணியார் பாத்துக்கிட்டு இருக்காரு."

சாப்பிட்டேன். எத்தனை வருஷம் கழித்து அந்த ருசி. கண்ணில் தண்ணீர் வந்தது. பார்த்தவர்கள் பக்தி என்றார்கள்.

இரண்டாம் பந்தி முடிவதற்குள் அது வந்துவிட்டது. சிற்றாலயத்துக்குள் போய் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் மண்டியிட்டு, வயிற்றைக் கட்டிக்கொண்டு நெற்றியைத் தரையில் வைத்தேன். அதைத் தவிர வேறு எந்த நிலையிலும் என்னால் இருக்க முடியாது. வாசலில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். நன்றி சொல்லிக் கும்பிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்துப் பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் நிமிர வழியில்லை. நிமிர்ந்தால் முகத்தைப் பார்த்துவிடுவார்கள். ஆக்கின சோறு இன்னும் அண்டாவில் இருக்கும்போதே அந்தோணியார் கைவிட்டுவிட்டார் என்று ஊர் பேசும்.

அருளப்பன் மட்டும் உள்ளே வந்து பக்கத்தில் குந்தினார்.

"வலியா சகல?"

தலையை ஆட்டினேன்.

"எந்திரிக்காத. சனம் பாக்குது. இப்படியே கெட."

வாசல் பக்கம் திரும்பி, சகலை அந்தோணியாரோடு பேசிக்கொண்டிருக்கிறார், யாரும் கூப்பிட வேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள் என்று எல்லாரையும் அனுப்பிவிட்டார். பிறகு முதுகில் வலிக்கிற இடத்தைக் கேட்காமலே கண்டுபிடித்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மாட்டுக்கு வலி எங்கே என்று பார்த்துப் பழகிய கை. வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ ஒண்ணும் கவலப்படாத. ஒனக்கு ஒண்ணுன்னா நான் இருக்கேன்ல. ரோசலினை எம் புள்ளையாட்டம் பீடத்துக்கு முன்னால நிறுத்தி, நானே கையப் புடிச்சுக் குடுத்திருவேன்."

அவர் நல்ல மனசோடு சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கையில் ஆட்டுக் கொழுப்பு வாசம் அடித்தது.

5

வலி விட்ட பிறகும் அந்தப் பேச்சு விடவில்லை. கண்ணை மூடினால் கோயில் தெரிந்தது. ரோசலின் தலையில் முக்காடு. பக்கத்தில் சலவை ஜிப்பாவில் அருளப்பன். ஏதோ சொல்கிறார், கல்யாணப்பெண் சிரிக்கிறாள். அப்புறம் பந்தி. மரியபுஷ்பம் வெள்ளைப் புடவையில், அத்தானுக்கு இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்கிறாள். அவர் இலையைக் காட்டுகிறார்.

சாவுக்குப் பயந்தேன் என்று சொன்னால் பொய். என் இடத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிடுவார் என்பதுதான் தாங்கவில்லை.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மரியபுஷ்பத்திடம் போய், நான் அறுத்துக்கொள்ளப் போகிறேன் என்றேன். கையில் இருந்த புடவையைப் பிழியாமலே நின்றாள்.

"அசனம் குடுத்த வயித்தையா கத்தி வைக்கக் குடுக்கப் போறீங்க?"

"ஆமா."

"ஊரே அந்தோணியார் கொணமாக்கிட்டாருன்னு பேசுது. இப்பப் போயி அறுத்துக்கிட்டா அவரு பேரு என்னத்துக்கு ஆகும்?"

"அவரு பேர அவரு பாத்துக்குவாரு. நான் போயிட்டா ஒன்னைய யாரு பாத்துக்குவா?"

"அத்தான் இருக்காங்கல்ல" என்றாள், கள்ளமில்லாமல்.

"அதுக்குத்தான் அறுத்துக்கிறேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். புடவையை ஒரு பிழி பிழிந்து கொடியில் உதறிப் போட்டாள்.

"அப்பப் பொழச்சு வாங்க. இந்தப் பொறாமையோட செத்தா மோட்சத்துல எடங் கெடைக்காது."

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் கேட்டேன். அசனம் கொடுத்துவிட்டுக் கத்திக்குப் போனால் அந்தோணியாருக்கு அவமானம் இல்லையா என்று. சாமியார், நீ அந்தோணியாருக்குச் சோறு போடவில்லை, ஊருக்குப் போட்டாய், ஊர் சாப்பிட்டாயிற்று, இனி உன் வயிற்றைப் போய்ப் பார் என்றார். பொறாமையையும் சொன்னேன். அதற்கு மட்டும் மூன்று ஜெபமாலை சொல்லும்படி அபராதம் கொடுத்தார்.

6

திரும்பி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சேர்க்கிற இடத்தில் ஒரு தகராறு. ஏதாவது ஆனால் பொறுப்பேற்க எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் ஆண் உறவினர் வேண்டும் என்றார் கிளார்க்கு. மரியபுஷ்பம் கைநாட்டு. துணைக்கு வந்த, தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி, "ஊர்ல ஒங்க சகலை இருக்காரே, அவரு பேரையே எழுதுங்க. தந்தி கண்டதும் கெளம்பிருவாரு" என்றார்.

அருளப்பன் என்ற பெயரை என் வாயால் அந்த இடத்தில் சொல்ல மாட்டேன் என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கிளார்க்கு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கையெழுத்த நான் போடுறேன்" என்றாள் ரோசலின்.

சின்னப் பெண், முடியாது என்றார் கிளார்க்கு. அவள் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. குரல் உயரவில்லை. ஆனால் நிறுத்தவும் இல்லை. உள்ளே போன கிளார்க்கு ஒரு பெரியவரோடு வந்தார். அவரிடமும் பேசினாள். அந்த இங்கிலீஷைக் கேட்டு அதுவரை வருந்தியிருக்கிறேன், என் பிள்ளை என் பேச்சிலிருந்து போய்விட்டாளே என்று. அன்று அது எனக்காகப் பேசியது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா, பெரியப்பாவுக்குத் தந்தி அடிக்கட்டுமா?"

"பொழச்சப்பறம் அடி."

அவள் சிரித்தாள். காளைக் கதைக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு. அன்று சாயங்காலம் சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். பயம் வந்தது. ஆனால் வேண்டாம் என்று தோன்றவில்லை. காலையில் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள்.

7

பிழைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முழுச் சுகம் என்று சொல்ல மாட்டேன். அந்தத் துளைக்கிற வலி போய்விட்டது. வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை ஞாபகப்படுத்திவிட்டுப் போகும். சர்க்கரை வியாதி வந்து சேர்ந்தது. ஊசி ஆயுசுக்கும் உண்டு. கொழுப்பு இன்றுவரை கூடாது. வேலைக்குப் போகிறேன். மல்லாந்து படுத்துத் தூங்குகிறேன். ரோசலின் இங்கேயே ஒரு மலையாளக் கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொண்டாள். வீட்டில் இருவரும் இங்கிலீஷ்தான். அது எனக்குக் குறைதான். ஆனால் பீடத்துக்கு முன்னால் அவள் கையைப் பிடித்துக் கொடுத்தது நான். அந்த நேரத்தில்கூட அருளப்பன் இதைப் பார்க்க வேண்டுமே என்றுதான் நினைத்தேன். மூன்று ஜெபமாலை போதவில்லை.

போன மாசம் அரிமளத்திலிருந்து புதிதாக வந்த ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். என் ஊரைக் கேட்டதும், அசனத்தன்று அந்தோணியார் வயிற்றிலிருந்து கல்லை எடுத்தாரே, அவர் நீங்கள்தானா என்று கையைப் பிடித்துக்கொண்டார். முழுக் கதையும் சொன்னார். நான் நெற்றியைத் தரையில் வைத்ததும் ஜன்னல் வழியாக ஒளி வந்ததாம். எழுந்தபோது ஏழு கல் பீடத்தடியில் கிடந்ததாம். சந்தைக்கு வருகிற ஜனம் எல்லாருக்கும் அருளப்பன்தான் சொல்கிறாராம். கேட்டு அழாதவர் இல்லையாம்.

ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அன்று ஊர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்ற ஆரம்பித்தார். பிறகு நிறுத்த முடியவில்லை. வலி என்னுடையது, தழும்பு என்னுடையது. கதை அவருடையதாகிவிட்டது. அதையும் அவர் என்னைவிட நன்றாகச் சொல்கிறார்.

இத்தோடு போயிருந்தால் நான் பொறாமைப்பட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். வந்தவர் இன்னொன்றும் சொன்னார். திருவரங்குளம் பக்கம் ஒருவருக்கு இதே வலி, இதே கல். டாக்டர் அறுக்க வேண்டும் என்றாராம். அவர் மாட்டேன் என்று, ஆட்டுக்குட்டி வாங்கி வளர்க்கிறாராம், அசனத்துக்கு. என் கதையைக் கேட்டுத்தான்.

ஆகையால் ஊரில் இதைப் படிப்பவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அசனம் கொடுங்கள், நல்லது. நான் தினமும் அந்தோணியாருக்கு நன்றி சொல்கிறவன்தான். ஆனால் ஒளி வரவில்லை. கல் விழவில்லை. அசனத்தன்று எனக்கு வந்தது வலி. கல்லை எடுத்தது டாக்டர், கையெழுத்துப் போட்டது என் மகள், பயந்து பயந்து சம்மதித்தது நான். அந்த மனுஷரிடம் யாராவது போய் இதைப் படித்துக் காட்டுங்கள். அவருக்குச் சரியென்று பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், படாவிட்டால் அவர் இஷ்டம். ஆனால் நடந்ததைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், ஒரு சொல் குறைக்கவும் வேண்டாம். என் பொறாமை இருக்கிற வரிகளையும் விட்டுவிடாமல் படியுங்கள்.

படித்துக் காட்ட அருளப்பன் அண்ணனை மட்டும் அனுப்பாதீர்கள். அவர் வாயில் இது இன்னும் நன்றாக ஆகிவிடும்.